இரண்டாம் வகுப்பில் ஹாலோவீன்: ஒரு பரங்கிக்காயை வைத்து என்னென்ன செய்யலாம்?

கேள்வி, அக்டோபர் 2, 2024

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. வகுப்புக்கு உதவும் பெற்றோர் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன், ஹாலோவீன் (அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள்) வாரத்தில் 45 நிமிடம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 22 பிள்ளைகள். படிப்பும் இருக்க வேண்டும், ஹாலோவீனும் இருக்க வேண்டும், மிட்டாய் தின்னக் கொடுக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். தேடிப் பார்த்தால் வண்ணம் தீட்டும் தாளும், எழுத்துக் கட்டத்தில் சொல் தேடுவதும்தான் வருகின்றன. ஊரில் ஹாலோவீன் என்ற பேச்சே இல்லாமல் வளர்ந்தவள் நான். எளிதாக என்ன செய்யலாம்? இந்த வருடம் தீபாவளியும் அதே 31ஆம் தேதி வருகிறது. இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாமா?

பதில், அக்டோபர் 2, இரவு

ஒரு பரங்கிக்காய் வாங்குங்கள். இப்போதைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நான் டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இது எனக்கு 11ஆவது அக்டோபர். முதல் இரண்டு வருடம் நானும் அச்சடித்த தாள்களைத்தான் கொடுத்தேன். வௌவால் படத்துக்குள் ஒரு கூட்டல், சூனியக்காரியின் தொப்பிக்குள் ஒரு கழித்தல். வௌவாலை அழித்துவிட்டு முயல் வரைந்தால் அதே தாள் ஈஸ்டருக்கும் ஆகும். அந்தத் தாளில் பிள்ளை கற்றுக்கொள்ள ஹாலோவீனைப் பற்றி ஒன்றும் இல்லை, கணக்கும் புதிதில்லை.

பரங்கிக்காய் அப்படியில்லை. அதைத் தூக்கி மேசையில் வைத்த உடனே 22 தலையும் திரும்பும். அப்போது முதலில் கேட்க வேண்டியது: உள்ளே எத்தனை விதை இருக்கும்? ஒவ்வொருவரும் ஒட்டுச் சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். எழுத வைப்பது முக்கியம். மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னால், விடை தெரிந்த பிறகு எல்லோரும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள்.

இரண்டாவது நூல். உல்லன் நூல்கண்டை ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புங்கள். பரங்கிக்காயின் இடுப்பைச் சுற்ற எவ்வளவு நூல் வேண்டும் என்று கண்ணால் மட்டும் பார்த்து, ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வந்து சுற்றிப் பார்க்கலாம். நீளம், குட்டை, சரி என்று சுவரில் மூன்று இடம். பெரும்பாலும் நீளமாகத்தான் வெட்டுவார்கள். போன வருடம் ஒரு பையன் வெட்டுவதற்கு முன் நூலைத் தன் வயிற்றில் சுற்றினான். பரங்கிக்காயைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், இரண்டு விரற்கடை கூட்டி வெட்டினான். அவன் நூல் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. அளவு என்றால் என்ன என்று அவனுக்கு அதற்கு மேல் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

கடைசியாக விதையை எண்ணுவது. பத்துப் பத்தாகப் பேப்பர் கப்பில். பத்துக் கப் சேர்ந்தால் ஒரு தட்டு, அதாவது நூறு. இங்கே டெக்சஸில் இரண்டாம் வகுப்புக்கு 1,200 வரை எண்களைப் பிரித்துச் சேர்க்கப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஆயிரம் வரை. ஒரு பரங்கிக்காய் விதை அதற்குள் அடங்கும். பெரிய காயாகப் பார்த்து வாங்குங்கள், விதை அதிகம் இருக்கும்.

அக்டோபர் 3

நேற்று எழுதியதில் விட்டது. மூடியை வீட்டிலேயே அறுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் பொருத்தி மூடி வையுங்கள். வகுப்பில் கத்தி கூடாது. பழைய செய்தித்தாள், ஈரத் துடைப்பான், பெரிய கரண்டி நான்கு.

ஒரு சில பிள்ளைகளுக்கு அந்த வழவழப்பு ஆகவே ஆகாது. கையை உள்ளே விட்டதும் அழுதவர்கள் உண்டு. "ஒன்றும் ஆகாது, தொடு" என்று வற்புறுத்த வேண்டாம். கையுறை கொடுக்கலாம், கரண்டி கொடுக்கலாம். நான் அவர்களைக் கணக்கெழுதுபவர் ஆக்கிவிடுவேன். ஒரு சிறுமி முதல் நாள் மேசையிலிருந்து ஆறடி தள்ளி நின்று கப்புகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் ஒரே ஒரு விதையைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 5

விதை தவிர வேறு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

மிதக்குமா, மூழ்குமா? பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். கையில் ஒரு சின்ன உருளைக்கிழங்கு, மேசையில் பரங்கிக்காய். எது மூழ்கும்? என் வகுப்பில் வருடா வருடம் முக்கால்வாசிப் பேர் பரங்கிக்காய்தான் மூழ்கும் என்பார்கள், கனம் என்று காரணமும் சொல்வார்கள். உருளைக்கிழங்கு விர்ரென்று அடியில் போய் உட்காரும். பரங்கிக்காய் மிதக்கும். அந்த ஒரு நொடி அமைதிக்காகவே இதை நான் விடுவதில்லை. உள்ளே காலியிடம் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டாம், மூடியைத் திறந்தால் அவர்களே சொல்வார்கள். ஆப்பிளையும் போடுங்கள், மிதக்கும். தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கையால் தொடாமல் பல்லால் கவ்வி எடுப்பது பழைய ஹாலோவீன் விளையாட்டு. அதனால் இது தலைப்பை விட்டு விலகியதும் இல்லை. கவ்வ மட்டும் வேண்டாம், 22 வாய் ஒரே தண்ணீரில்.

மிட்டாய் கரைப்பதும் எளிது. மூன்று நிறக் கேண்டி கார்ன் இருக்கிறதே, அதை வெந்நீர், குளிர்ந்த தண்ணீர், வினிகர், எண்ணெய் என்று நான்கு கப்பில் போட்டு எது முதலில் கரைகிறது என்று பார்ப்பது. வெந்நீர் ஜெயிக்கும். எண்ணெயில் போட்டது போட்டபடி கிடக்கும்.

ஆடும் புழு: கம்மி புழு என்ற, புழு வடிவ மெத்தென்ற மிட்டாய்களை நீளவாக்கில் மெலிதாக நான்காகக் கத்தரித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வினிகரில் போட வேண்டும். மேலெல்லாம் குமிழ் ஒட்டிப் புழு நெளிந்து எழும். மிட்டாய் வெறும் சர்க்கரைதான், தின்னக் கொடுக்காதவரை யாருக்கும் தொந்தரவில்லை.

அக்டோபர் 7

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். தின்னாவிட்டாலும் தொந்தரவு உண்டு.

ஒரு வாசகி சொன்ன பிறகு பொட்டலத்தின் பின்பக்கம் படித்தேன். கம்மி புழுவில் ஜெலட்டின். கேண்டி கார்னிலும் பல கம்பெனிகள் ஜெலட்டின் சேர்க்கின்றன. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. சைவக் குடும்பத்துப் பிள்ளையும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் தொடத் தயங்கலாம், தயக்கத்தைச் சொல்லத் தெரியாமல் பேசாமலும் இருக்கலாம். என் வகுப்பில் இத்தனை வருடம் அப்படி யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று நேற்று இரவு முழுக்க ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.

புழுவுக்குப் பதில் உலர்திராட்சை. சோடா நிரப்பிய கண்ணாடிக் குவளையில் நான்கைந்து போட்டால் முதலில் மூழ்கும். சுருக்கங்களில் குமிழ் சேர்ந்ததும் மேலே வரும். மேலே குமிழ் உடைந்ததும் மறுபடி இறங்கும். புழு ஒருமுறை ஆடி அடங்கிவிடும், திராட்சை பத்து நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "சிலந்தி முட்டை" என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள்.

நிலக்கடலை அலர்ஜியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் வைத்த வீடுகளை உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று அதற்கு அர்த்தம். உணவு அலர்ஜிக்கான அமைப்பு ஒன்று 2014இல் நாடு முழுக்கக் கொண்டுபோன பழக்கம்.

அக்டோபர் 10

"இவ்வளவு பார்க்க வேண்டுமா, ஒரு நாள் கூத்துதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஆசிரியை ஆவதற்கு முன், வேறு ஒரு பள்ளியில் உதவியாளராக இருந்தேன். ஹாலோவீன் அன்று மதியம் இரண்டு மணி நேரம் வகுப்பில் கொண்டாட்டம். ஒரு பையனின் வீட்டில் ஹாலோவீன் கொண்டாடும் வழக்கம் இல்லை. யெகோவாவின் சாட்சிகள் கொண்டாடுவதில்லை, வேறு சில கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வேண்டாம் என்று சொல்வதுண்டு. அவனை நூலகத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கச் சொன்னார்கள். கொண்டுபோனதும் நான்தான். சின்ன நாற்காலி, எதிரில் டைனோசர் புத்தகம். வகுப்பிலிருந்து பாட்டுச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவன் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அரை மணி கழித்துத் தலையை நிமிர்த்தாமல், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டான்.

எனக்கு அன்று பதில் வரவில்லை. அதற்கப்புறம் என் வகுப்பில் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. வழி ஒன்றுதான்: பேய், சூனியம் இரண்டையும் எடுத்துவிட்டு அறுவடைக் காலத்தை வைத்துக்கொண்டேன். என் பலகையில் "பரங்கிக்காய் வாரம்" என்று எழுதியிருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே என்னென்ன செய்யப்போகிறோம் என்று எல்லா வீட்டுக்கும் ஒரு தாள் போகும். ஒரு தாயார் தாளை வரி வரியாகப் படித்துவிட்டு, "விதை எண்ணுவதில் எங்களுக்கு என்ன ஆட்சேபணை" என்றார். அவர் மகள்தான் அந்த வருடம் கணக்குப் பிள்ளை.

உங்கள் மகளின் ஆசிரியையிடமும் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். "யாராவது ஹாலோவீன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா?" ஒரு வரி போதும்.

அக்டோபர் 13

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் குடும்பத்தோடு ஆஸ்டினில் இருக்கும் காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்குப் போயிருந்தோம். இருட்டும் நேரம் பாலத்துக்கு அடியிலிருந்து வௌவால்கள் கிளம்பும். உச்சக் காலத்தில் 15 லட்சம் வௌவால் அங்கே இருக்கும் என்கிறார்கள். 1980இல் பாலத்தைத் திருத்திக் கட்டியபோது அடியில் விட்ட ஒடுங்கிய இடுக்குகள் அவற்றுக்கு வீடாகப் பொருந்திவிட்டன. இப்போது கூட்டம் குறைந்திருக்கிறது, குளிருக்கு மெக்சிகோ போகத் தொடங்கிவிட்டன. "வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு" என்று என் மாமியார் சொன்னதை என் மகனுக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

பேயை எடுத்துவிட்டால் ஹாலோவீனில் என்ன மிச்சம் என்று கேட்டவருக்கு: வௌவால் இருக்கிறதே. அக்டோபர் கடைசி வாரத்தை வௌவால் வாரமாகவே கொண்டாடுகிறார்கள். அந்தப் பாலத்தில் இருக்கும் மெக்சிகோ வால்நீட்டி வௌவால்தான் 1995 முதல் டெக்சஸின் அதிகாரபூர்வப் பறக்கும் பாலூட்டி.

விளையாட்டு இது. பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும், அது குகைச் சுவர். நடுவில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வௌவால், மூன்று பேர் பூச்சி. வௌவால் "வௌவால்!" என்று கத்தும்போதெல்லாம் பூச்சிகள் உடனே "பூச்சி!" என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். சத்தத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். சுவரை நெருங்கினால் சுவராக நிற்பவர்கள் "சுவர்!" என்பார்கள். வௌவால் தன் சத்தத்தின் எதிரொலியைக் கேட்டுச் சுவரையும் பூச்சியையும் கண்டுபிடிப்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று யாராவது சொன்னால் திருத்துங்கள், தெரியும். இருட்டில் காதையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 14

வௌவால் விளையாட்டுக்கு ஜிம்மோ மைதானமோ வேண்டும். மேசைகளுக்கு நடுவே வேண்டாம். 45 நிமிடத்தில் இதையும் பரங்கிக்காயையும் சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

அக்டோபர் 17

டிஷ்யூ காகிதத்தில் பேய் வெட்டி, பலூனைத் தலைமுடியில் தேய்த்து மேலே காட்டினால் பேய் எழுந்து நிற்குமே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வந்திருக்கிறது. நல்ல சோதனைதான். காகிதத்தின் அடிப்பகுதியை மட்டும் மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் எழுந்து ஆடும். பேய் வேண்டாம் என்கிற வீடு இருந்தால் மரத்து இலை வடிவத்தில் வெட்டுங்கள்.

ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் இது வேலை செய்யாது. போன வருடம் இங்கே மழை நாளில் எடுத்தேன். 20 பலூன், 20 பரட்டைத் தலை, ஒரு காகிதம்கூட அசையவில்லை. தேய்த்துச் சேரும் மின்னூட்டம் ஈரக் காற்றில் நிற்காமல் போய்விடுகிறது. அந்த வாரமே வெயில் வந்த நாளில் மறுபடி செய்தோம், எல்லாம் எழுந்தன. இரண்டு நாளும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே கேட்டேன். ஜன்னலைக் காட்டினார்கள். இப்போது யோசித்தால் மழை நாளில் தோற்றதுதான் நல்ல பாடமாக அமைந்தது. உங்களிடம் ஒரே ஒரு 45 நிமிடம்தான் இருக்கிறது, வானிலையை நம்பி இறங்க வேண்டாம்.

அக்டோபர் 19

எலும்புக்கூடு. கறுப்புத் தாள், காது குடையும் பஞ்சுக் குச்சி, பசை. குச்சியை முழுசாகவும் பாதியாகவும் வெட்டிக் கை, கால், விலா எலும்பு என்று ஒட்டுவது. இதைக் கைவேலையாக விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி: ஒட்டுவதற்கு முன் தன் முழங்கைக்கு மேலே எத்தனை எலும்பு, கீழே எத்தனை என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒன்று. கீழே உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இரண்டு இருப்பது விரலுக்குத் தெரியும். அதன்பிறகு அவர்கள் ஒட்டும் கை வேறு மாதிரி இருக்கும்.

பெரியவர்களுக்கு 206 எலும்பு. பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம், வளர வளரச் சில ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. "டீச்சரைவிட உனக்கு எலும்பு அதிகம்" என்று சொன்ன அன்று ஒரு பையன் வீட்டுக்குப் போகும்வரை நிமிர்ந்தே நடந்தான்.

அக்டோபர் 22

இன்று எங்கள் வகுப்பில் எண்ணினோம். முதல் நாள் நான் எழுதிய ஒன்று தவறு என்று தெரிந்தது, அதனால் எண்களோடு எழுதுகிறேன்.

மூன்று காய். 19 பவுண்டுக் காயில் 427 விதை. 12 பவுண்டுக் காயில் 561. பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்யும் சின்ன ரகம், 5 பவுண்டு, 338. பெரிய காயில் விதை அதிகம் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். முந்தைய வருடங்களில் ஒரே ஒரு காய்தான் அறுப்பேன், ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை. நடுவில் இருக்கும் காய் ஜெயிக்கும் என்று ஒருத்தருமே எழுதவில்லை.

"பெரிய காயின் விதை பெரிசா இருக்கும், அதனாலதான் கம்மி" என்று ஒரு சிறுமி சொன்னாள். உடனே மூன்று காயிலிருந்தும் பத்துப் பத்து விதையை வரிசையாகத் தலையும் வாலும் ஒட்ட அடுக்கி ஸ்கேலால் அளந்தார்கள். பெரிய காயின் வரிசை கொஞ்சம் நீளம், ஆனால் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அவள் திருப்தியாகவில்லை. இன்னும் நிறையக் காய் வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று காயை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

மகிழ்ச்சியான இன்னொன்று ஊகச் சீட்டுகள். முதல் காய்க்கு 20 என்று எழுதியவரும் உண்டு, பத்து லட்சம் என்று எழுதியவரும் உண்டு. 427 என்று தெரிந்த பிறகு இரண்டாவது காய்க்கு வந்த எண்கள் எல்லாம் 300க்கும் 600க்கும் நடுவே. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் ஒரு காயை விட இரண்டு நல்லது என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் பெரிய காயோடு ஒரு சின்னதும் சேர்த்து வாங்குங்கள். "ஒரு பரங்கிக்காய்" என்று நான் ஆரம்பித்ததை இரண்டு என்று மாற்றிக்கொள்ளவும்.

நூல் மிச்சம் இருந்தது. காயின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதே துண்டு சுற்றளவில் எத்தனை முறை போகும் என்று பார்த்தோம். மூன்று முறை, அப்புறம் கொஞ்சம். சின்னக் காயிலும் மூன்று முறை, அப்புறம் கொஞ்சம். தண்ணீர் பாட்டில் மூடியிலும் அதே. "எல்லா உருண்டையும் பேசி வச்சுக்கிச்சா?" என்றான் ஒருவன். அந்த "மூன்று முறை, அப்புறம் கொஞ்சம்" என்பதற்கு ஒரு பெயர் உண்டு, சில வருடம் கழித்துப் படிப்பாய் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 23

பரங்கிக்காயில் முகம் செதுக்குவது ஏன் என்று உங்கள் மகள் கேட்டாளாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் செதுக்கியது டர்னிப் கிழங்கை. 19ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா வந்த ஐரிஷ் மக்கள் அந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே பெரிதாக, குடைய எளிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. அதற்கும் பின்னால் போனால் கெல்டிக் மக்களின் சவின் என்ற நாள்: அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளை. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தைய சாயங்காலம் என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லின் பொருள்.

காய்க்கு முகம் வரைவது நமக்குப் புதிதில்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் யார் வீடு கட்டினாலும் சாரத்தில் ஒரு வெண்பூசணி தொங்கும். உருட்டு விழி, மீசை, தொங்கும் நாக்கு. திருஷ்டி படாமல் இருக்க. இதை வகுப்பில் படத்தோடு காட்டியபோது, "அதுவும் கெட்டதை விரட்டவா?" என்று ஐரிஷ் வழிக் குடும்பத்துப் பையன் கேட்டான். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்ததாக நான் சொல்ல மாட்டேன், இரண்டும் தனித்தனி. ஆனால் அந்தக் கேள்வியில் அவன் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டுப் போனான்.

பரங்கி என்றால் ஐரோப்பியர். பரங்கிக்காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், நம்மூருக்கு அது வந்த வழியைப் பெயரே சொல்கிறது. இத்தனை வருடம் குழம்பு வைத்தும் இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 25

உங்கள் 45 நிமிடத்துக்கு வருவோம். இரண்டு காய், ஐந்து மேசை. முதல் ஐந்து நிமிடம் விதை ஊகச் சீட்டு. அடுத்த பத்து நிமிடம் நூல். தொட்டியில் மிதக்க விடுவது ஐந்து நிமிடம், அதற்கு மேல் போனால் தரை நனையும். மீதி முழுக்க விதைக்கு. சின்னக் காயை மட்டும் எண்ணுங்கள், 22 பேர் சேர்ந்தால் முடிந்துவிடும். கைகழுவ ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள். பெரிய காயை அறுக்காமல் ஆசிரியையிடமே விட்டுவிட்டு வாருங்கள். சின்னக் காயின் எண்ணிக்கை தெரிந்த பிறகு பெரியதற்குப் புதிய சீட்டு எழுதி அடுத்த நாள் பிள்ளைகளே எண்ணட்டும்.

எழுத்து வேலை வேண்டும் என்று ஆசிரியை கேட்டால்: முதலில், அடுத்து, பிறகு, கடைசியில் என்ற நான்கு சொல்லில் தொடங்கி நான்கு வாக்கியம். கையால் செய்ததை எழுதுவதால் "என்ன எழுதட்டும்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் 30

தீபாவளியைச் சேர்க்கலாமா என்பதற்கு இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. அகல் விளக்கையும் பேய் முகத்தையும் ஒரே தாளில் ஒட்டினால் இரண்டும் அலங்காரமாகிவிடும். மெக்சிகோக் குடும்பங்களின் இறந்தோர் தினத்தைப் பல பள்ளிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் வீட்டில் இறந்தவர்களை நினைத்துப் படம் வைத்துப் படைக்கும் நாள் அது. ஹாலோவீனின் ஸ்பானிஷ் பதிப்பு கிடையாது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள், அது அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்று ஒன்று நடந்தது. நாளை சாயங்காலம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். ஒரு தெலுங்குக் குடும்பத்துச் சிறுமி எழுந்து, முதலில் விளக்கேற்றுவோம், பிறகு பாட்டிக்கு வீடியோ கால், பிறகு புலி வேஷத்தில் தெருவுக்குப் போவேன் என்றாள். வாசலில் விளக்கும் இருக்கும், பரங்கிக்காயும் இருக்கும், "இரண்டுக்குள்ளும் நெருப்பு" என்றாள். யாரும் ஒட்டவைக்காமல் அவள் வீட்டு வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் சேர்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மகளுக்கு விருப்பம் இருந்தால் இரண்டு நிமிடம் அவளே பேசட்டும். நீங்கள் அவளுக்காகப் பேச வேண்டாம்.

வௌவாலிலிருந்து இன்னொரு நூல். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதை வகுப்பில் சொன்னதும், பாலத்துப் பக்கம் நாமும் கத்தக் கூடாது என்று பிள்ளைகளே விதி போட்டார்கள்.

நவம்பர் 2

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: சின்னக் காயில் 294 விதை, நூலில் இருவர் சரி, தரை நனைந்தது. பேசச் சொன்னபோது மகள் வெட்கப்பட்டு மாட்டேன் என்றுவிட்டாளாம். பிறகு விதை எண்ணும்போது பக்கத்தில் இருந்த தோழியிடம் தாழ்ந்த குரலில் முறுக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அது போதும்.

பெரிய காயை இன்னும் அறுக்கவில்லை, ஆசிரியை திங்கட்கிழமைக்கு வைத்திருக்கிறாராம். அறுத்த சின்னக் காயை என்ன செய்வது என்று கேட்கிறார். குப்பையில் போட வேண்டாம். ஒரு துண்டை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில், அடியில் கொஞ்சம் தோட்டத்து மண் போட்டு, வகுப்பு ஜன்னலில் வைக்கச் சொல்லுங்கள். மூடியை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும், பூஞ்சை கிளம்பினால் மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. வாரம் ஒரு படம், ஒரு வாக்கியம்.

நவம்பர் 16

எங்கள் ஜாடியில் மூன்றாவது வாரம். முதல் வாரம் வெள்ளைப் பஞ்சு. இரண்டாவது வாரம் பச்சை, கறுப்புப் புள்ளிகள். இப்போது துண்டு தன் உருவத்தை விட்டுக் குழைந்து கிடக்கிறது, அடியில் பழுப்புத் தண்ணீர். வெளியே வேலியோரம் வைத்த முழுக் காய் இங்கத்து வெயிலில் ஒரே வாரத்தில் உட்கார்ந்துவிட்டது. நியூ ஜெர்சிக் குளிரில் உங்களுடையது இன்னும் நிற்கும், இரண்டு வகுப்பும் படம் அனுப்பி ஒப்பிடலாம் என்று கேட்டிருக்கிறேன்.

நேற்றைய வாக்கியங்களில் ஒன்று: "பரங்கிக்காய் மண் ஆகப் பழகுகிறது." எழுதியது, முதல் நாள் ஆறடி தள்ளி நின்ற அந்தச் சிறுமியின் தங்கை. ஜாடியில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விதை இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஜாடியைத் திறக்காமல் கோடை வரை வைத்திருப்பதா, இப்போதே வெளியில் புதைப்பதா என்று ஓட்டுப் போட்டார்கள். 13க்கு 7, வைத்திருப்பது.